தம்பியின் பிரெஞ்சு

என் தம்பிக்கு இப்போது தமிழ் பேச வராது. பிரெஞ்சு மட்டும்தான் வரும். இதை முதன்முதலாகக் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவன் எடுப்புக் காட்டுகிறான் என்று நினைப்பார்கள். விமான நிலையத்தில் அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்ததைக் கண்ணால் பார்த்திராவிட்டால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மீசை அரும்பிய வயதில் முல்லைத்தீவை விட்டுப் போனவன். மொன்றியலில் ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை. அங்கே கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் அந்த ஊர் ஆட்கள். அவன் பிரெஞ்சு படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, மாவுக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றுதான். கலியாணம் செய்தான், அது சரிவரவில்லை, பிள்ளையும் இல்லை. கிழமைக்கு ஒருதரம் எனக்குப் போன் எடுத்து, "அக்கா, இண்டைக்கு என்ன மீன்?" என்று கேட்பான். அதற்குப் பிறகுதான் சுகம் விசாரிப்பான். ஒரு குளிர்காலத்தில் போன் வரவில்லை. பாரிசவாதம். வலது கையும் வலது காலும் சோர்ந்துபோய்விட்டன. அங்கே ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்து, பேச்சுப் பயிற்சி எல்லாம் கொடுத்து, கொஞ்சம் நடக்கும் அளவுக்கு வந்ததும், அவனுடைய தமிழ்க் கூட்டாளி ஒருவன் எங்களிடம் கேட்டு, ஏற்பாடு செய்து, அனுப்பிவைத்தான். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் கிடப்பதைவிட அக்காவிடம் இருப்பது நல்லது என்று எல்லாருமாக முடிவெடுத்தோம். எல்லாரும் என்று நான் சொல்வதில் அவன் இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வவுனியாவில் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் மூளையின் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்குச் சில வேளை இப்படி நடக்கும் என்றார். ஒன்று போய்விடும், மற்றது தங்கும். எது போகும், எது தங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல ஏலாதாம்.

"நீங்கள் கதைக்கிறது அவருக்குக் கனக்க விளங்கும். கதைக்கிறதுதான் வராது," என்றார்.

"திரும்பி வருமோ?" என்று என் கணவர் கேட்டார்.

டொக்டர் படங்களை உறைக்குள் போட்டு அவரிடம் கொடுத்தார்.

வந்த முதல் கிழமையே ஒரு அதிசயம் நடந்தது. நாங்கள் வேதக்காரர். பின்னேரத்தில் வீட்டில் செபமாலை சொல்லுவோம். பத்து மணி சேர்ந்தது ஒரு பத்து, மொத்தம் ஐந்து, ஒவ்வொரு பத்தையும் ஒருவர் முன்னெடுக்க மற்றவர்கள் மறுமொழி சொல்லவேண்டும். சிறுவயதில் நாலாவது பத்து தம்பியுடையது. அவன் போன பிறகு அம்மா அந்தப் பத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, அவனுக்காக என்னைச் சொல்லச் சொன்னா. அம்மா போன பிறகும் அதை நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மூன்றாவது பத்து முடிந்து நான் வாய் திறக்கும் முன்பு, வாசல் கதிரையில் இருந்து தமிழில் ஒரு குரல் வந்தது. தம்பி. பரலோக மந்திரமும் பத்து அருள்நிறை மந்திரமும் ஒரு சொல் பிசகாமல், ஒரு இடத்தில் தடுக்காமல், சின்னப் பொடியனாக இருந்தபோது சொன்ன அதே வேகத்தில்.

எங்களோடு இருக்கும் மகனின் மனைவி, என் மருமகள், செபமாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் பக்கத்து வீட்டில் சொன்னாள். அடுத்த நாள் ஒழுங்கைச் சனம் முழுக்க எங்கள் முற்றத்தில். மெழுகுதிரி கொண்டுவந்தார்கள், நேர்த்தி வைத்தார்கள், கொக்கிளாயில் இருந்துகூட ஒரு குடும்பம் வந்தது. அவன் நாலாவது பத்தைச் சொல்லி முடித்ததும் எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் கிட்டப்போய், "தம்பி, என்னைத் தெரியுதோ?" என்று கேட்டார். தம்பி வாயைத் திறந்தான். தொண்டை அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, தமிழ் வரவில்லை. பிறகு கோபத்தில் பிரெஞ்சு கொட்டியது. சனம் மெல்ல எழும்பிப் போய்விட்டது.

மனப்பாடமாக ஊறினது வேறு இடத்தில் இருக்குமாம், நினைத்துப் பேசுவது வேறு இடத்திலாம். டொக்டர் பிறகு சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. தினமும் சில நிமிடம் என் தம்பி சுத்தமான தமிழில் பேசுகிறான், ஆனால் எங்கள் ஒருவருடனும் பேசவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு இருப்பது கேட்காமல் இருப்பதைவிடக் கொடுமை.

இனி அவன் சொல்லும் ஒரு வசனத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பின்னேரத்தில் நான் குசினி வேலை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வருவேன். அவன் கதிரையில் இருந்தபடி என் முகத்தைப் பார்த்து ஒரு வசனம் சொல்லுவான். ஒவ்வொரு நாளும் அதே வசனம், அதே ஏற்ற இறக்கம். நான் "ஓம், ஓம்" என்பேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் கதைக்கும்போது மற்றவர் ஓம் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். போனில் ஓம் சொல்லாமல் இருந்தால் லைன் அறுந்துவிட்டது என்று வைத்துவிடுவார்கள். விளங்குகிறதோ இல்லையோ, ஓம் தன்பாட்டில் வரும். எனக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகம். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த காலத்திலேயே பெற்றோர் என்ன முறைப்பாடு சொன்னாலும் ஓம், ஓம் என்று கேட்டு அனுப்பிவிடுவேன்.

நான் ஓம் சொன்னதும் அவன் தலையை ஆட்டுவான். கதிரைக்குக் கீழே இருக்கும் கறுப்புச் சப்பாத்தை இழுத்து எடுப்பான். பனிக்குப் போடுகிற தடித்த சப்பாத்து, இந்த மணலுக்கும் வெக்கைக்கும் ஆகாதது. இடது கையால் மட்டும் அதைப் போட்டுக் கயிறு கட்டுவதற்குள் நமக்குப் பார்க்க மூச்சு முட்டும். உதவிக்குப் போனால் கையைத் தட்டிவிடுவான். கட்டி முடித்ததும் தெருவாசல் படலையைப் பார்த்தபடி நிமிர்ந்து இருப்பான், செபமாலை தொடங்கும் மட்டும்.

"வெள்ளைக்காரரோடை இருந்த பழக்கம். பின்னேரம் எண்டால் வடிவாய் வெளிக்கிட்டு இருக்கவேணும் அவருக்கு," என்று என் கணவர் சொல்லுவார். நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

ஆனால் அந்த வசனம் என்ன என்று அறியாமல் எனக்கு இருக்க முடியவில்லை. சாப்பாடு, தண்ணீர், கக்கூசு எல்லாவற்றையும் கையால் காட்டிச் சமாளிக்கலாம். இது அப்படிப்பட்ட வசனம் இல்லை. அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பணிவு இருந்தது. என் தம்பி யாருக்கும் பணிகிறவன் இல்லை.

மருமகள் தன் போனை அவன் வாய்க்குக் கிட்டப் பிடித்து மொழிபெயர்க்கச் சொன்னாள். நாக்குச் சோர்ந்த மனிதன், போதாததற்குத் தொழிற்சாலைப் பிரெஞ்சு. போன் யோசித்து யோசித்து, "தக்காளியின் சித்தப்பா குளிர்காலம்" என்று தமிழில் எழுதிக் காட்டியது. அவள் அதைச் சத்தமாக வாசித்ததும் முதலில் சிரித்தது தம்பிதான். இந்த வீட்டுக்கு வந்து அவன் சிரித்தது அன்றைக்குத்தான். அவனுக்குத் தமிழ் விளங்குகிறது என்று எனக்கு முழுதாக நம்பிக்கை வந்ததும் அன்றைக்குத்தான்.

மொன்றியல் கூட்டாளியிடம் கேட்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்டோம். வந்த புதிதில் போனில் முகம் பார்த்துக் கதைக்கவிட்டோம். தம்பி நீளமாகச் சொன்னான், இடையில் குரல் உயர்ந்தது. அந்தப் பக்கம் கூட்டாளி கேட்டுக்கொண்டே இருந்தான்.

"என்னவாம், தம்பி?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை அக்கா. வெயிலைப் பற்றிச் சொல்லுறான். சாப்பாடு நல்லமாம்."

அதற்குப் பிறகு எப்போது போனை நீட்டினாலும் தம்பி முகத்தைத் திருப்பிக்கொள்வான். போனில் கதைப்பது அவனுக்குக் கஷ்டமாக்கும் என்று விட்டுவிட்டோம்.

அதனால் நானே படிக்கத் தொடங்கினேன். நாலு வீடு தள்ளி இருக்கும் பிள்ளை ஒருத்தி ஜெனீவாவில் இருக்கிறவனுக்குக் கலியாண எழுத்து முடித்துவிட்டு, அங்கே போவதற்காகக் கிளிநொச்சியில் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய பழைய புத்தகம் எனக்கு வந்தது. வகுப்பில்லாத நாட்களில் அவளும் வருவாள். முதல் நாளே அவளைத் தம்பிக்கு முன்னால் இருத்தி, அந்த வசனத்தைக் கேட்கவைத்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள், இன்னொருதரம் சொல்லச் சொன்னாள், பிறகு என் காதுக்குள், "அன்ரி, இது பிரெஞ்சு இல்லைப் போலை," என்றாள்.

"அப்ப என்ன, சீன பாசையோ?" என்று எனக்குக் கொதி வந்துவிட்டது. பாவம், அவள் என்ன செய்வாள்.

வயது போன காலத்தில் ஒரு மொழியோடு மல்லுக்கட்டுவது என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தமிழில் எழுதியதை வாசிக்கலாம், வாசிப்பதை எழுதலாம். பிரெஞ்சுக்காரருக்கு அந்த நேர்மை கிடையாது. பறவைகள் என்பதற்கு ஏழு எழுத்து எழுதிவிட்டு 'உவாஸோ' என்கிறார்கள். அந்த ஏழில் ஒன்றுகூடத் தன் சொந்தச் சத்தத்தில் இல்லை. சொல்லின் கடைசி எழுத்து பெரும்பாலும் சும்மா இருக்கும். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் மட்டும் சில இடங்களில் எழும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். இது எனக்குப் பிடித்தது, நம்முடைய புணர்ச்சி மாதிரி. நிற்கிறபோது ஒரு சொல், சேருகிறபோது இன்னொரு சொல். நான் வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்கு அடித்துப் படிப்பித்தது அதைத்தானே.

பிறகு ஆண், பெண். எங்களுக்கு உயர்திணை, அஃறிணை என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. பகுத்தறிவு இருந்தால்தான் ஆணும் பெண்ணும். அங்கே கதிரையும் பெண், காய்ச்சலும் பெண். நான் எங்கள் வீட்டுச் சாமான்களில் தொடங்கினேன். கடல் பெண், வள்ளம் ஆண், வலை ஆண், மீன் ஆண், நண்டு ஆண், எறால் பெண், கணவாய் பெண். என் கணவர் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு இருந்து கேட்டுவிட்டு, "எறால் பெண் எண்டது சரி. விலையைப் பார்," என்றார். தம்பியிடம் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னேன். பிழை விட்டால் விரலை ஆட்டுவான். சரி என்றால் கண்ணை மூடித் திறப்பான். அந்த நாட்களில் எனக்குச் சந்தோசமாகவே இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

முதன்முதலில் எங்களைச் சேர்த்தது குசினிதான். அவன் 'குயிஸின்' என்று கையைக் காட்டியபோது எங்கள் எல்லாருக்கும் விளங்கியது. பாணுக்கு அவன் சொல்வதும் மூக்கால் வருகிற பாண்தான். போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போன சொற்களுக்கு பிரெஞ்சில் ஒன்றுவிட்ட சகோதரங்கள் இருக்கின்றன என்று அந்தப் பிள்ளை சொன்னாள். அப்படி ஒரு பத்துச் சொல் கூட இருந்திருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்தேன். குசினியையும் பாணையும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் கதைக்கலாம்?

புத்தகமும் அவனும் ஒத்துப்போகவில்லை. காலையில் அவன் 'டெஜெனே' என்றான். அது மத்தியானச் சாப்பாடு என்று புத்தகம் சொன்னது. நானும் விடிந்ததும் விடியாததுமாகச் சோறு வடித்துப் பாரை மீன் குழம்பும் வைத்துக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். கனக்க நாள் கழித்துத்தான் பிள்ளை தன் மாப்பிள்ளையிடம் கேட்டுவந்து சொன்னாள், பாரிஸில்தான் அது மத்தியானம், தம்பி இருந்த கியூபெக்கிலும் சுவிஸிலும் அது காலைச் சாப்பாடாம்.

எங்கள் ஒழுங்கையில் பிரெஞ்சுக்குக் குறைவில்லை. ஒரு வீட்டுப் பிள்ளைகள் பாரிஸில், ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஜெனீவாவில், எங்கள் வீட்டில் மொன்றியல். தொண்ணூறு என்பதை பாரிஸ்காரர் நாலு இருபதும் பத்தும் என்று கணக்குப் போட்டுச் சொல்லவேண்டும். ஜெனீவாக்காரர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் பிழை என்கிறார். கோயில் திருவிழாவுக்குப் பாரிஸில் இருந்து வந்த ஒரு பெடியனைப் பிடித்துவந்து தம்பியிடம் கதைக்கவிட்டேன். அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அன்ரி, இவர் அந்தக் காலத்துத் தோட்டக்காரர் மாதிரிக் கதைக்கிறார். அரைவாசி எனக்கே விளங்கேல்லை," என்றான். விளங்கின மற்ற அரைவாசி என்ன என்று கேட்டேன். கால் உளைகிறது என்றும் பனியைப் பற்றி ஏதோ என்றும் சொல்லிவிட்டுக் கச்சான் கடலை வாங்கப் போய்விட்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குத்தான் தம்பியின் பிரெஞ்சுக்குக் கட்சி கட்டத் தொடங்கினேன். கியூபெக்காரர் பிரான்சில் இருந்து கப்பலேறிப் போன காலத்தில் ஊரில் இருந்த பேச்சைப் போன இடத்தில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள், ஊரில் இருந்தவர்கள்தான் மாற்றிக்கொண்டார்கள் என்று வாசித்தேன். 'நான்' என்பதை அழுத்திச் சொல்லப் பாரிஸில் 'முவா' என்பார்கள், தம்பி 'முவே' என்பான். அது ஒரு காலத்தில் ராசா வீட்டிலேயே பேசின பேச்சாம். எங்கள் தமிழைக் கேட்டு சென்னையில் சிரிக்கிறவர்களிடம் நாங்கள் சொல்லும் அதே கதை. அப்படிப் பார்த்தால் என் தம்பி ஒன்றும் அந்நியனாகிவிடவில்லை. பிரெஞ்சிலும் அவன் எங்கள் தமிழ் மாதிரி ஒரு பேச்சைத்தான் பேசுகிறான்.

பிள்ளைக்கு இன்னொரு கவலை. "அன்ரி, உங்களை அவர் நீ எண்டு சொல்லுறார். மரியாதைக்கு வூ எண்டெல்லோ சொல்லவேணும்." சின்னவயதில் தம்பி என்னை நீ என்றுதான் சொன்னான். அம்மா வாயில் ஒன்று போட்டு 'நீங்கோ' என்று மாற்றினா. பிறகு போனில்கூட மரியாதை குறையாமல் 'சொல்லுங்கோ அக்கா' என்பான். இப்போது மறுபடி நீ. 'சொல்லட்டும்' என்றேன். யார் என்னை நீ என்று சொல்ல மிச்சம் இருக்கிறார்கள்?

இவ்வளவு படித்தும் அந்த வசனம் மட்டும் பிடிபடவில்லை. தொடக்கம் 'த்சு வா த்சு' என்று காதில் விழும். 'து' என்றால் நீ, 'வா' என்றால் போகிறாய். நீ போகிறாய் நீ. அது என்ன பேச்சு? பிள்ளையிடம் கேட்டால், அப்படி வராது என்றாள். நான் கேட்டதில்தான் பிழை என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். பின்னேரம் வந்தால் அவன் சொல்லுவான், நான் ஓம் என்பேன், இப்போது 'உவி, உவி' என்றும் சேர்த்துக்கொண்டேன். அவன் சப்பாத்தைப் போடுவான்.

ஒரு நாள் சூடை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டு, போனைச் சுளகில் சாய்த்துவைத்து ஏதாவது பாடம் ஓடட்டும் என்று விட்டிருந்தேன். கியூபெக் பேச்சைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண் வந்தாள். அவள் வாயைத் திறந்ததுமே என் கை நின்றுவிட்டது. தம்பியின் சத்தம். 'து'வை 'த்சு' என்கிற அதே நாக்கு. இங்கே ஆட்கள் வினைச்சொல்லுக்குப் பின்னால் இன்னொரு து போடுவார்கள், அது நீ என்ற து இல்லை, கேள்விக்குப் போடுவது என்று படம் கீறிக் காட்டினாள். நாங்கள் 'போவியோ' என்று ஓ போடுவது மாதிரி. தன் வீட்டை 'ஷே நூ' என்பார்களாம், ஒருவர் தனியாக இருந்தாலும் 'எங்கட வீடு' என்றுதான் சொல்லுவார்களாம், பாரிஸ்காரர் மாதிரி 'என்ட வீடு' என்பதில்லையாம். பார், எங்களைப் போலவே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கேள்வி என்றால் என்ன கேட்கிறான் என்று பின்னேரம் பார்ப்போம் என்று மிச்ச மீனை வெட்டிக் கழுவினேன்.

பின்னேரம் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். தம்பி என்னைப் பார்த்தான். சொன்னான். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

'இண்டைக்குப் பின்னேரம் என்னை எங்கட வீட்டை கூட்டிக்கொண்டு போவியோ?'

என் வாய் அதற்குள் ஓம், ஓம் என்று சொல்லிவிட்டது. அவன் தலையை ஆட்டிவிட்டுச் சப்பாத்துக்குக் குனிந்தான்.

நான் குசினிக்குள் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்த நாள் முதல் கேட்டிருக்கிறான். வந்த நாள் முதல் நான் ஓம் என்றிருக்கிறேன். அவன் அதை நம்பிச் சப்பாத்தைப் போட்டு, படலையைப் பார்த்து, வெளிக்கிட்டு இருந்திருக்கிறான். செபமாலை தொடங்கியதும், சரி, இன்றைக்கு இல்லை, நாளைக்கு என்று எடுத்துக்கொண்டிருப்பானாக்கும்.

என் கணவரிடம் சொன்னேன். அவர் வலையில் இருந்து தலையை எடுக்காமல், "உதுதானே வீடு. அவர் பிறந்த காணியிலை இருந்துகொண்டு எந்த வீட்டை போறது?" என்றார்.

"அந்த வீடு."

"அங்கை ஆர் இருக்கினம்?"

ஒருவரும் இல்லை. அதுதான் விசயம். ஒருவரும் இல்லாத அந்த ஊரைத்தான் என் தம்பி எங்கட வீடு என்கிறான். தமிழில் 'எங்கட' என்றால் கேட்கிறவருக்கு அதில் பங்கில்லை, 'நம்மட' என்றால் பங்கு உண்டு. அவன் சொன்ன 'நூ'வில் அந்தப் பிரிப்பு இல்லை. அதற்குள் நான் இருக்கிறேனா இல்லையா என்று பிரெஞ்சு எனக்குச் சொல்லவில்லை.

கூட்டாளிக்குப் போன் எடுத்தேன். நான் விசயத்தைச் சொல்லி முடிக்கவும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஓம் சொல்லவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"எனக்குத் தெரியும் அக்கா," என்றான் கடைசியில். "முதல் நாளே சொன்னவன். நீங்கள் வெயிலோ எண்டு கேட்ட அண்டைக்கு."

"நானே வெயில் எண்டு சொன்னது? நீரெல்லோ சொன்னனீர்!"

"வேறை என்னத்தைச் சொல்லுறது அக்கா? நீங்கள் பக்கத்திலை நிண்டு சிரிச்சுக்கொண்டு கேக்கிறியள். அவன் இருந்த வீடு விட்டாச்சு. இங்கை வந்தால் ஆக்களை வைச்சுப் பாக்கிற இடத்திலை கொண்டுபோய் விடவேணும். நான் கிழமைக்கு ஒருக்கா எட்டிப் பாப்பன். அவ்வளவுதான் என்னாலை ஏலும்." பிறகு அவன் அழுதான்.

அவனை ஏசுவதற்கு நான் எவ்வளவோ சொற்களை வைத்திருந்தேன். "அழாதையும்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அவனும் நல்ல மனதோடுதான் செய்தான், நாங்களும் நல்ல மனதோடுதான் செய்தோம். நல்ல மனது உள்ளவர்கள் இத்தனை பேர் கூடி ஒரு மனிதனை அவன் கேட்காத இடத்தில் கொண்டுவந்து இருத்தியிருக்கிறோம். இனி அனுப்புவது என்றாலும் விமானத்தில் யார் கூடப் போவது, யார் பொறுப்பெடுப்பது? மகனுக்கு வள்ளத்தை விட்டு அசைய முடியாது. எனக்குக் கொழும்பே ஒழுங்காகத் தெரியாது.

அடுத்த நாள் பின்னேரம் குசினியில் வேலை முடிந்தும் முடியாதது மாதிரிக் கழுவின கோப்பைகளையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். அவன் கதிரையால் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. கடைசியில் போனேன். கேட்டான். ஓம் தொண்டைக்குள் வந்துவிட்டது. பிடித்து நிறுத்தினேன். நான் ஓம் சொல்லாமல் நின்ற அந்த இடைவெளியில் அவன் முகம் மாறுவதைப் பார்த்தேன்.

"நோன்," என்றேன். ஏலாது என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று காலை முழுக்கச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். புத்தகத்தில் உள்ளது மாதிரி இல்லை, அவன் சொல்லுகிற மாதிரி, பாதியை விழுங்கி. அதையும் சொன்னேன். திடமாகச் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தேன். கண் என் பேச்சைக் கேட்கவில்லை.

அவன் மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்று சொல்சொல்லாக, "எனக்குத் தெரியும்," என்றான் பிரெஞ்சில். அதற்குப் பிறகு இன்னும் மெதுவாக, "நீ ஓம் எண்டு சொல்லு."

"உவி," என்றேன்.

இல்லை என்று தலையாட்டினான். இடது கையை நீட்டி, விரலால் என் வாயைக் காட்டினான். அவனுக்கு அது வேண்டாம். அவனுக்கு எங்கள் சொல் வேண்டும், அவனுடைய வாய்க்கு இனி வராத சொல்.

"ஓம்," என்றேன். "ஓம் தம்பி, ஓம்."

அவன் தலையை ஆட்டினான். குனிந்து சப்பாத்தை இழுத்தான். இடது காலுக்குத் தானே போட்டுக் கட்டினான். வலது காலை என் பக்கம் நீட்டினான். நான் மணலில் இருந்து கயிற்றைக் கட்டிவிட்டேன்.

இப்போதும் பின்னேரத்தில் கேட்கிறான். நான் ஓம் என்கிறேன். வலது கால் சப்பாத்தை நான்தான் கட்டிவிடுகிறேன்.